கேஸும் முடியணும்... சிரிப்பும் வரணும்!

அமீர்பேட் வீடியோ கடையில் முளைத்து ஓடிடி வரை வளர்ந்த க்ரைம் காமெடி, தமிழ்ச் சின்னத்திரைக்குச் சொல்லும் பாடம்

ஹைதராபாத் மெட்ரோவின் சிவப்பு வழித்தடமும் நீல வழித்தடமும் சந்திக்கும் இடம் அமீர்பேட். நிலையத்திலிருந்து இறங்கி மைத்ரிவனம் பக்கம் நடந்தால் நாலாபுறமும் பலகைகள். ஜாவா, பைத்தான், ஆரக்கிள், சேப், டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ். ‘இலவச டெமோ கிளாஸ்’ என்று துண்டுச் சீட்டு நீட்டும் கைகள். ஒரு சந்துக்குள் நுழைந்தால் ஹாஸ்டல்கள், அடுத்த சந்தில் ஜெராக்ஸ் கடைகள், முனையில் இட்லியும் மைசூர் போண்டாவும் விற்கும் டிபன் வண்டி. இங்கே நடமாடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். கையில் பட்டம் இருக்கும், வேலை இருக்காது. ஊரில் அப்பாவிடம் ‘இன்னும் மூணே மாசம்’ என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்.

வேலை தேடும் கூட்டம் இருக்கும் இடத்தில், வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றும் கூட்டமும் இருக்கும். போலி அனுபவச் சான்றிதழ், முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல்போகும் கன்சல்டன்சி, இன்டர்வியூவில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் பேசுவது என்று சின்னச் சின்னப் பொய்கள் சுற்றிவரும் உலகம் இது. பொய் சொன்னவனையும் ஏமாந்தவனையும் பார்த்தால் இரண்டு பேரும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள். குற்றமும் நகைச்சுவையும் ஒரே கதைக்குள் குடியேற இதைவிடத் தோதான மண் ஏது?

அப்படி ஒரு குடியேற்றம் இந்தப் பேட்டையோடு சேர்ந்தே நடந்திருக்கிறது.

கேசட் கடையில் கற்ற பாடம்

1980களில் அமீர்பேட்டில் ஒரு வீடியோ கேசட் வாடகைக் கடை இருந்தது. நடத்தியவர் சிவில் இன்ஜினீயரிங் படித்த இளைஞர். ஹைதராபாத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓபராய் ஹோட்டலில் சைட் இன்ஜினீயர் வேலை பார்த்தவர். நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், மனசு மாறி கேசட் கடை போட்டார். பெயர் ராம் கோபால் வர்மா.

கடைக்கு வந்துபோன சினிமாக்காரர்களின் பழக்கத்தில் அவருக்கு ஸ்டூடியோ கதவு திறந்தது. உதவி இயக்குநராகச் சில காலம் ஓடி, 1989-ல் ‘சிவா’ கொடுத்தார். கல்லூரி வாசலில் சைக்கிள் செயினோடு நின்ற நாகார்ஜுனாவை நம் ஊரும் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான படம் அதற்குப் பிறகு, 1991-ல் வந்த ‘க்ஷண க்ஷணம்’. ஹைதராபாத்தில் வங்கிக் கொள்ளை. கொள்ளைப் பணத்துக்கான துப்பு, சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரணப் பெண் கையில் சிக்கிக்கொள்கிறது. அவர் ஸ்ரீதேவி. வழியில் சேர்ந்துகொள்ளும் திருடன் வெங்கடேஷ். துரத்தும் வில்லன் பரேஷ் ராவல். துப்பாக்கி, காடு, ரயில் எல்லாம் உண்டு. ஆனாலும் படம் நெடுக நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். காரணம் ஸ்ரீதேவியின் பயம் நிஜமான பயம். நாமாக இருந்தாலும் அப்படித்தான் உளறுவோம்.

1993-ல் வர்மா தயாரித்து, சிவ நாகேஸ்வர ராவ் இயக்கிய ‘மணி’ இந்த வகைக்கு ஓர் இலக்கணமே வகுத்தது. வாடகை கொடுக்க வழியில்லாத இரண்டு வேலையில்லா இளைஞர்கள், ஜே.டி.சக்ரவர்த்தியும் சின்னாவும். பக்கத்துப் பணக்காரரின் மனைவியான ஜெயசுதாவைக் கடத்துகிறார்கள். பணம் கொடு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று புருஷனுக்குப் போன். அந்தப் புருஷனோ மனைவி செத்தால் சொத்து தனக்கு வரும் என்று ஏற்கெனவே திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் பரேஷ் ராவல். போனைக் கேட்டதும் அவருக்குப் பயமே வரவில்லை, சந்தோஷம் வருகிறது!

இந்த ஒரு முடிச்சைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கடத்தல்காரனின் ஒரே ஆயுதம், உறவினர்களின் பாசம். அந்தப் பாசமே இல்லாத வீட்டில் கடத்தல்காரன் நிராயுதபாணி. மிரட்டுகிறவர்கள் பரிதாபத்துக்குரியவர்களாகவும், போனை எடுத்த ‘பாதிக்கப்பட்டவர்’ கொடியவனாகவும் ஒரே காட்சியில் இடம் மாறுகிறார்கள். யாரும் ஜோக் சொல்லவில்லை, கோமாளித்தனம் செய்யவில்லை. குற்றத்தின் கணக்கே நம்மைச் சிரிக்க வைக்கிறது. நடுவே சினிமா ஹீரோ ஆகும் ஆசையோடு அலையும் ரவுடி ‘கான் தாதா’வாக பிரம்மானந்தம். முப்பது வருஷம் தாண்டியும் தெலுங்கு மக்கள் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

க்ரைம் காமெடியின் முதல் விதி இதுதான். குற்றம் உறுதியாக நின்றால்தான் சிரிப்பு நிற்கும். கேஸ் சொத்தையாக இருந்தால் எத்தனை ஜோக் தூவினாலும் எடுபடாது.

ஞாயிறு இரவின் ஆறு வருஷங்கள்

அமீர்பேட்டின் ஓரத்தில், யூசுஃப்கூடா போகும் வழியில் இருக்கிறது சாரதி ஸ்டூடியோ. முழுக்க முழுக்க ஹைதராபாத்தில் எடுக்கப்பட்ட முதல் தெலுங்குப் படம் என்று சொல்லப்படும் ‘மா இன்டி மகாலட்சுமி’ (1959) உருவானது இங்கேதான். தெலுங்கு சினிமா நம் கோடம்பாக்கத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே, ஹைதராபாத்துக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்த இடம் அது. பின்னாளில் படவுலகம் மொத்தமும் இடம்பெயர்ந்தபோது இந்தச் சுற்றுவட்டாரம் துணை நடிகர்களும் டெக்னீஷியன்களும் எழுத்தாளர்களும் குடியிருக்கும் பகுதியானது. தொலைக்காட்சி வளர்ந்தபோது அதற்கும் இங்கிருந்துதான் ஆட்கள் போனார்கள்.

2001 நவம்பர் 18 அன்று ஜெமினி டி.வி.யில் ‘அம்ருதம்’ தொடங்கியது. குண்ணம் கங்கராஜு உருவாக்கிய வாராந்திர நகைச்சுவைத் தொடர். ஹோட்டல் நடத்தும் இரண்டு நண்பர்கள், அம்ருத ராவும் ஆஞ்சநேயலுவும். வாடகைக்கு உயிரை எடுக்கும் வீட்டுக்காரர் அப்பாஜி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புதுச் சிக்கல், அன்றைக்கே ஒரு முடிவு. கதாநாயகனாக நடித்தவர்கள் மாறினார்கள். சிவாஜி ராஜா, நரேஷ், ஹர்ஷவர்தன் என்று மூன்று பேர். தொடர் மட்டும் அசையாமல் ஆறு வருஷம் ஓடி, 2007 நவம்பர் 18 அன்று 313 எபிசோடுகளோடு நிறைவடைந்தது.

இது குற்றத் தொடர் இல்லைதான். ஆனால் இதே கங்கராஜு 2003-ல் தயாரித்த படம் ‘ஐதே’. ‘அம்ருதம்’ தொடக்க எபிசோடுகளை இயக்கிய சந்திரசேகர் ஏலேட்டிதான் இயக்குநர். வேலையில்லாத நான்கு இளைஞர்கள், நிழலுலக தாதாவையே கடத்துகிறார்கள். சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதை வென்றது. நம் ஊரில் ‘நாம்’ என்று மறுபிறவி எடுத்தது. வாரம் ஒரு கதையை அரை மணி நேரத்துக்குள் முடித்துப் பழகிய கைகள், சிக்கனமான ஒரு திருட்டுக் கதையை எழுதியதில் ஆச்சரியம் இல்லை. வாராந்திரத் தொடர் என்பது எழுத்தாளனுக்குப் பயிற்சிக்களம்.

ஐந்நூறு ரூபாய்த் திருட்டு

2019 தெலுங்கு க்ரைம் காமெடிக்குப் பொன்னான வருஷம். ஜூனில் ‘ஏஜென்ட் சாய் சீனிவாச ஆத்ரேயா’ வந்தது. நெல்லூரில் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் நவீன் பொலிஷெட்டி, எஃப்.பி.ஐ. என்று போர்டு மாட்டியிருப்பார். விரித்துச் சொன்னால் ‘ஃபாத்திமா பியூரோ ஆஃப் இன்வெஸ்டிகேஷன்’! முதல் பாதியில் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தவர், ரயில் பாதை ஓரத்து அநாதைப் பிணங்களின் பின்னால் போகப் போக நம்மைக் கலங்கடித்துவிடுவார்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வந்த ‘மத்து வதலரா’ இன்னும் நெருக்கமான கதை. ஹைதராபாத்தில் பார்சல் டெலிவரி செய்யும் பாபுவுக்கு மாசக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் போதவில்லை. அறைத்தோழன் யேசு ஒரு வித்தை சொல்லிக்கொடுக்கிறான். கேஷ் ஆன் டெலிவரி வாடிக்கையாளர் நோட்டுக்கட்டை நீட்டுவார். எண்ணும்போதே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை யாரும் பார்க்காமல் ஒளித்துவிட வேண்டும். பிறகு மரியாதையாக, ‘ஒரு நோட்டு குறையுதுங்க’ என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தாங்கள்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று இன்னொரு நோட்டைக் கொடுத்துவிடுவார்கள். பாபு அதை ஒரு மூதாட்டியிடம் முயல்கிறான். அவர் கண்டுபிடித்துவிடுகிறார். தள்ளுமுள்ளில் அவர் விழ, அந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பாபுவால் வெளியே வர முடியாதபடி கதை இறுகுகிறது.

ஐந்நூறு ரூபாய்! அந்தத் தொகைதான் படத்தின் உயிர். அதற்காக ஒருவன் மானத்தைப் பணயம் வைக்கிறான் என்றால் அவன் சம்பளம் என்னவாக இருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். யேசுவாக வரும் சத்யா வாயைத் திறந்தாலே சிரிப்பு. சிரிப்புக்கு அடியில் நகரத்து டெலிவரிப் பையன்களின் வாழ்க்கை ஓடுகிறது. ‘க்ஷண க்ஷணம்’ படத்துக்கு இசையமைத்த கீரவாணியின் மகன்களில் ஒருவர் (ஸ்ரீ சிம்ஹா) இதில் நாயகன், இன்னொருவர் (கால பைரவா) இசையமைப்பாளர். 2024-ல் இரண்டாம் பாகமும் வந்து ஜெயித்தது.

ஓடிடியில் 2023-ல் தொடங்கிய ‘சேவ் தி டைகர்ஸ்’ இந்த ருசியைத் தொடராக்கியது. ப்ரியதர்ஷி, அபினவ் கோமடம், கிருஷ்ண சைதன்யா மூவரும் ஹைதராபாத்தில் குடும்பம் நடத்தத் திணறும் கணவர்கள். வீட்டுச் சண்டை, பிள்ளைகளின் பள்ளி என்று போகும் கதைக்குள் ஒரு நடிகை காணாமல்போன வழக்கு நுழைகிறது. போலீஸ் விசாரணையில் உட்கார்ந்திருக்கும் சாமானியனின் திகிலும் அசட்டுத்தனமும்தான் நகைச்சுவை. 2024-ல் இரண்டாம் சீசனும் வந்தது.

சாம்புவின் வாரிசுகள் எங்கே?

இதையெல்லாம் பார்க்கும்போது ஒரு தமிழ் வாசகனுக்கு ஆதங்கம் வரத்தான் செய்யும். ஏனென்றால் இந்தச் சரக்கில் நாம் மூத்தவர்கள்.

1940களிலேயே ஆனந்த விகடனில் தேவன் ‘துப்பறியும் சாம்பு’வை உலவவிட்டார். வங்கி குமாஸ்தா வேலையை இழந்த ஓர் அப்பாவி, அதிர்ஷ்டத்தால் பெரிய துப்பறிவாளராகிவிடுகிறார். உடன் மனைவி வேம்பு, இன்ஸ்பெக்டர் கோபாலன். சாம்பு தடுக்கி விழுந்த இடத்தில் திருட்டு நகை இருக்கும். பிற்பாடு மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்த பாத்திரம் அது. சுஜாதாவின் கணேஷ் சட்டப் புத்தகத்தைப் புரட்டும்போது வசந்த் அடிக்கும் கமென்ட்டுக்காகவே வாரப் பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் பிணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்கூடச் சீண்டிக்கொள்வார்கள். சுசீலாவின் டி-ஷர்ட்டில் இந்த முறை என்ன வாசகம் என்று பஸ் ஸ்டாண்ட் கடையில் நாவலைப் புரட்டிப் பார்த்த தலைமுறை இன்றும் இருக்கிறது. சுபாவின் நரேன், வைஜ், ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா என்று பட்டியல் நீளும்.

சினிமாவிலும் குறையில்லை. கடத்தலுக்குக் கூட ஒழுக்க விதிகள் வைத்திருந்த ‘சூது கவ்வும்’ (2013) தாஸ், அம்மாவின் சிகிச்சைக்காகப் போதைப்பொருள் கடத்தும் ‘கோலமாவு கோகிலா’ (2018), கலகலப்பான ஒரு கடத்தல் மீட்பாக வந்த ‘டாக்டர்’ (2021) எல்லாம் நம் கைவண்ணம். ‘சூது கவ்வும்’ தெலுங்கில் ‘கட்டம் கேங்’ ஆனது. ‘ஆத்ரேயா’ தமிழில் சந்தானத்தின் ‘ஏஜென்ட் கண்ணாயிரம்’ ஆனது. இரண்டுமே மூலப்படத்தின் வரவேற்பை எட்டவில்லை. காரணம் கதையில் இல்லை. ஆத்ரேயாவின் நகைச்சுவை நெல்லூர்ப் பேச்சில் இருக்கிறது, தாஸின் நகைச்சுவை சென்னை மேன்ஷன் அறையில் இருக்கிறது. க்ரைம் காமெடி அந்தந்தத் தெருவில் முளைக்க வேண்டிய செடி.

எழுத்திலும் சினிமாவிலும் இத்தனை வைத்திருக்கும் நாம், தொலைக்காட்சியில் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறோம். ஏன்?

முடியாத கதையில் கேஸ் முடியாது

தூர்தர்ஷன் காலத்தில் தொடர் என்றால் 13 வாரம். 1985-ல் இந்தியில் வந்த ‘கரம்சந்த்’தை நினைத்துப் பாருங்கள். கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறியும் பங்கஜ் கபூரும், வெகுளித்தனமாகக் கேள்வி கேட்கும் உதவியாளர் கிட்டியாக சுஷ்மிதா முகர்ஜியும் இந்தி தெரியாத தமிழ் வீடுகளையும் உட்கார வைத்தார்கள். தனியார் சேனல்கள் வந்த தொடக்கத்தில் நமக்கும் ‘மர்மதேசம்’ போன்ற வாராந்திரத் தொடர்கள் கிடைத்தன. பிறகு வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு நாள் என்று நெடுந்தொடர்கள் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டன.

நெடுந்தொடரைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான கலைஞர்களுக்கு அது சோறு போடுகிறது. ஆனால் இரண்டின் உடற்கூறும் வேறு. நெடுந்தொடர் பிழைப்பது பிரச்னை தீராமல் இருப்பதில். க்ரைம் காமெடி பிழைப்பது பிரச்னை தீர்வதில். கொலை செய்தது யார் என்ற கேள்வியை நானூறு எபிசோடுக்கு இழுத்தால், நடுவில் சிரிப்பும் போய்விடும், துப்பும் மறந்துவிடும். முதல் காட்சியில் காட்டிய உடைந்த கைக்கடிகாரம் நாற்பதாவது நிமிஷத்தில் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும்போது ‘அட!’ என்கிறோமே, அந்த ‘அட’வுக்காகத்தான் இந்த வடிவம் இருக்கிறது. ‘மத்து வதலரா’ படத்துக்குள்ளேயே டி.வி.யில் முடிவில்லாமல் ஒரு நெடுந்தொடர் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே பாபுவின் உயிர் நிமிஷத்துக்கு நிமிஷம் ஊசலாடும். இரண்டு கால வேகங்களையும் அருகருகே வைத்து இயக்குநர் ரிதேஷ் ராணா காட்டிய வித்தியாசம் அதுதான்.

லத்திக்கு வேலையில்லாத ஸ்டேஷன்

இந்த வடிவம் நமக்கு வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல, பொழுதுபோக்கைத் தாண்டி ஒரு காரணமும் இருக்கிறது.

நம் போலீஸ் படங்கள் எதற்குக் கைதட்டப் பழக்கியிருக்கின்றன? சந்தேகப்பட்டவனைச் சுவரில் மோதி, லாக்கப்பில் தொங்கவிட்டு உண்மையை ‘வரவழைக்கும்’ அதிகாரிக்கு விசில் பறக்கிறது. என்கவுன்டருக்குப் பின்னணி இசை எழும்புகிறது. ‘விசாரணை’யும் ‘ஜெய் பீம்’மும் அந்த அடியின் மறுபக்கத்தை ரத்தமும் சதையுமாகக் காட்டின. இருந்தும் அடிக்கும் போலீஸ்தான் திறமையான போலீஸ் என்ற எண்ணம் நம் பொதுப்புத்தியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இலகுவான துப்பறியும் கதையில் லத்திக்கு வேலையே கிடையாது. அடித்து உண்மை வாங்கிவிட்டால் கதை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், துப்பும் வேண்டாம், துப்பறிகிறவரும் வேண்டாம். இங்கே பேச்சுதான் ஆயுதம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘கொலம்போ’வை எடுத்துக்கொள்வோம். கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக பீட்டர் ஃபால்க். கொலையாளி யாரென்று பார்வையாளருக்கு முதலிலேயே காட்டிவிடுவார்கள். கொலம்போ அவர் வீட்டுக்குப் போவார், மரியாதையாகப் பேசுவார், கிளம்புவார். வாசல் வரை போய்த் திரும்பி, இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்பார். பெரிய பங்களாக்காரர்கள் அந்த எளிய மனிதரை அலட்சியப்படுத்துவார்கள், அந்த அலட்சியத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். 1970களில் உலகம் முழுக்க ரசித்த அந்த அதிகாரி, யார் சட்டையையும் பிடித்து உலுக்கியவர் இல்லை.

எல்லா நகைச்சுவைப் போலீஸும் இப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. சாப் டி.வி.யில் 2006 முதல் 2015 வரை சக்கைப்போடு போட்ட ‘எஃப்.ஐ.ஆர்.’ தொடரில் கவிதா கௌஷிக்கின் சந்திரமுகி சௌட்டாலா எடுத்ததற்கெல்லாம் அறைவார். ஒரு பெண் அதிகாரியைப் பல வருஷம் வீட்டுக்கு வீடு கொண்டாட வைத்தது அந்தத் தொடரின் சாதனை. அந்த அறைகள் இல்லாமலும் அவர் ஜெயித்திருப்பார் என்பதே என் எண்ணம். ஏனென்றால் மக்கள் ரசித்தது அந்த அம்மணியின் ஹரியாணா வாய்த்துடுக்கை.

பாதிக்கப்பட்டவரின் கண்ணியமும் இந்த வடிவத்தில் ஒரு பெரிய விஷயம். நல்ல க்ரைம் காமெடி செத்தவரைப் பார்த்துச் சிரிக்காது, ஏமாந்தவரைக் கேலி செய்யாது. ஏமாற்றியவனின் அசட்டு நம்பிக்கை, விசாரிப்பவரின் தடுமாற்றம், சாட்சி சொல்ல வந்தவரின் அதிகப்பிரசங்கித்தனம் இவைதான் அதன் சிரிப்பு. ‘ஆத்ரேயா’ படத்தில் அம்மாவை இழந்த மகனின் துக்கத்தைத் தொடும்போது படம் ஒரு இடத்திலும் இளிக்காது.

வாரம் ஒரு கேஸ்

நமக்கு என்ன வேண்டும்? வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், 13 எபிசோடு. ஒரு சின்ன ஸ்டேஷன், நாலு பேர். தென்காசியோ திருவாரூரோ வியாசர்பாடியோ, ஒரு நிஜமான ஊர். அந்த ஊரில் நடக்கக்கூடிய குற்றங்கள். ஏலச்சீட்டுப் பணம், கோயில் உண்டியல், ரேஷன் அரிசி, ஆடு களவு, ஓடிபி கேட்டு வரும் போன், வெளிநாட்டு வேலை என்று வாங்கிய முன்பணம். இவை ஒவ்வொன்றும் பெரிய துக்கம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெரிய சிரிப்பு. செலவும் குறைவு, கார் வெடிக்க வேண்டியதில்லை.

அதற்கு முதலீடு செய்ய வேண்டியது எழுத்தில். துப்பை முதலில் நெய்துவிட்டு அதன் மேல் வசனம் எழுதும் ஆட்கள் வேண்டும். ஆறு பேர் உட்கார்ந்து, கேஸில் ஓட்டை எங்கே என்று சண்டை போடும் எழுத்தறை வேண்டும். அந்த எழுத்தாளர்களுக்கு எபிசோடு எடுப்பதற்கு முன்பே சம்பளம் வேண்டும். நம் மாத நாவல் எழுத்தாளர்கள் மாசத்துக்கு ஒரு கேஸ் முடித்துக் காட்டியவர்கள். அவர்களின் உரிமையை முறையாக வாங்கி, பரத்தையும் சுசீலாவையும் இன்றைய சென்னையில் நடக்கவிட்டாலே இரண்டு சீசன் தேறும். குறும்படம் எடுத்துக்கொண்டு வாய்ப்புக்கு அலையும் இளைஞர்களுக்கு ஆளுக்கு ஓர் எபிசோடு கொடுக்கலாம். கங்கராஜு ‘அம்ருத’த்தில் ஏலேட்டியைக் கண்டெடுத்த மாதிரி, நமக்கும் ஒரு ஏலேட்டி கிடைப்பார்.

கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவரால் ஒரு மாநிலத்தின் சிரிப்பையே மாற்ற முடிந்திருக்கிறது. நம்மிடம் கேசட் கடையைவிடப் பெரிய சொத்து இருக்கிறது, எண்பது வருஷத்துத் துப்பறியும் எழுத்து. சேனல்களும் ஓடிடி நிறுவனங்களும் ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரே ஒரு மணி நேரத்தை ஒதுக்கட்டும். குற்றவாளியைக் கேள்வி கேட்டே பிடிக்கும் ஓர் இன்ஸ்பெக்டரை நம் பிள்ளைகள் பார்த்துச் சிரித்து வளரட்டும். நாளைக்கு அவர்களில் ஒருவர் காக்கிச் சட்டை போடும்போது, லத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கத் தோன்றும்.